எண் அறுபத்து நான்கு

தாடியஸ் க்ரல்.
உயரம் ஆறடி ஐந்து. எடை முந்நூற்றுப் பத்துப் பவுண்டு.
பிறந்தது ஒரு ஜனவரி இரவு, இரண்டே கால் மணிக்கு,
வடக்கு டக்கோட்டாவில்,
பனி வழிக்கும் வண்டிகள் நிற்கும் கொட்டகையில்,
அடுத்த புயலுக்காகக் காத்திருந்த
வெர்லின் ஹௌக்ஸ்டாட்டின் கைபேசியில்.
தாய், தந்தை என்ற கட்டங்கள் படிவத்தில் இல்லை.
கல்லூரி என்ற கட்டத்தில் வெர்லின் எழுதியது:
"போகவில்லை."

கால்பந்து என்றுதான் பெயர். அமெரிக்கர்கள் ஆடுவதில்
காலுக்கு வேலை குறைவு.
க்ரலுக்கோ பந்தோடும் வேலையில்லை.
பந்தை எறிபவனுக்கு முன்னால் நிற்க வேண்டும்.
வருகிறவனை வரவிடக் கூடாது.

நான் வின்னிபெக்கில் மருந்துக்கடையின் இரவு முறைக்காரி.
லீக்கின் கோப்பு என்னிடம் இருந்தது.
ஞாயிறும் புதனும் பதினோரு மணிக்கு
ஒரு பொத்தானை அழுத்துவேன்.
முப்பத்தேழு நொடி.
பதினாறு அணிகள் ஓடி, விழுந்து, எலும்பு முறிந்து, எழுந்து
வரிவரியாக வெளியே வரும்.

அந்த வரிகளில் க்ரல் இருக்கமாட்டான்.
ஓடியவன் பேர் இருக்கும், பிடித்தவன் பேர்,
கைக்கு வந்ததைத் தவறவிட்டவன் பேர்கூட.
காவல் நிற்பவன் பேர் வருவது
தப்பு செய்தால் மட்டும்:
"பிடித்து இழுத்தார், எண் 64. பத்து கெஜம் பின்னால்."
பேர் வராமல் இருப்பதுதான்
அவன் எடுக்கக்கூடிய பேர்.

முதல் சீசனில் ஒன்பது முறை வந்தது.
மூன்றாவதில் இரண்டு.
ஐந்தாவது முழுக்கத் தேடினாலும் இல்லை.
வெர்லின் எழுதினான்:
"க்ரல் உயிரோடுதான் இருக்கிறானா, கொஞ்சம் பார்."
பார்த்தேன். வலிமை 94. பொறுமை 91.
இருந்தான்.

ஒரு சீசன் என்பது ஒன்பது வாரம்.
எங்களுக்கு ஒரு குளிர்காலம் கழிவதற்குள்
அவனுக்கு இரண்டு வயது ஏறிவிடும்.
இடையில் வெர்லினுக்கு முழங்காலில் ஆபரேஷன்,
மணவிலக்கு. எது முன்னால் என்று நினைவில்லை.
ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும்
பயிற்சிப் புள்ளிகளை வாரம் தவறாமல் அனுப்பினான்:
"கால்வேகத்துக்கு இரண்டு போடு."

எட்டாவது சீசனுக்குப் பிறகு
கோப்பு ஆட்களைத் தேய்க்கத் தொடங்கும்.
விதி; நான் எழுதியதுதான்.
முதலில் நூற்றுக்கு ஆறு, அடுத்த தடவை பன்னிரண்டு.
94 என்பது 88 ஆயிற்று, 78 ஆயிற்று.
கால்வெஸ்டன் அணி அவனைக் கைவிட்டது.
ஸ்போகேன் எடுத்துக்கொண்டது,
இல்லாத காசில் ஆகக் குறைந்த காசுக்கு.
வெர்லின் சண்டை போடவில்லை.
"முழங்காலா?" என்று மட்டும் கேட்டான்.
கோப்பில் முழங்கால் என்று ஒன்று கிடையாது.
ஆமாம் என்றேன்.

பன்னிரண்டாவது சீசன், கடைசிப் புதன்.
ஜெயித்தாலும் தோற்றாலும்
இரண்டு அணிக்கும் போக இடமில்லாத ஆட்டம்.
காவல் நிற்பவன் பந்தைத் தொட ஒரே வழி,
யாராவது அதைக் கீழே போட வேண்டும்.
கோப்பு திறந்திருந்தது.
ஒரு எண்ணை மாற்ற ஒரு விரல் போதும்.
தூக்க மாத்திரைச் சீட்டோடு
பஸ் டிரைவர் ஒருவர் கவுண்டரில் நின்றிருந்தார்.
எதையும் மாற்றவில்லை. அழுத்திவிட்டு அவரிடம் போனேன்.

திரும்பி வந்து படித்தேன்.
"நான்காம் கால்பகுதி, 2:06. பந்து நழுவியது.
எடுத்தவர் தா. க்ரல். முன்னேற்றம் ஒரு கெஜம்."

ஒரு கெஜம்.
துணிக்கடையில் அளந்தால்
மூக்கிலிருந்து விரல்நுனி வரை.

அனுப்பியபோது வெர்லின் இருந்த பக்கம் புயல்.
விடிகாலை ஐந்துக்குப் பதில் வந்தது:
"எந்தப் பக்கம் ஓடினான்?"

கோப்பில் பக்கம் கிடையாது.
வலது, என்று எழுதினேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்றான்.
"அந்தக் கால்தான் அவனுக்கு
இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தது."